நாச்சிமுத்துவின் வலது கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. காருக்குள் நடந்தது முழுவதும் ஜெயசீலன் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நாச்சிமுத்து அண்ணனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒன்றை ஒன்றரையாகச் சொல்கிற ஆள். அதனால் அவர் சொன்னது எது, நான் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். சுத்தியலால் அடித்ததை நான் பார்த்தேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

நீங்கள் உடுமலை வரைக்கும்தானே? நான் அதற்கு முன்னால் கோமங்கலத்தில் இறங்கிவிடுவேன். ஃபைலை மேலே வைக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே இரண்டே இரண்டு தாள்தான். கேட்டீர்களே என்று சொல்கிறேன். இல்லை, நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். யாரிடமாவது ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கோமங்கலத்தில் நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லும்போது வாய் குழறக்கூடாது.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு கார் பந்தயத் தடம் இருக்கிறது. ஒற்றைச் சீட்டுக் கார்கள், நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரியும். அப்படிப் பதினெட்டு கார்கள். யாராவது மோதிக் கவிழ்ந்தால் ஆட்கள் தடத்தில் இறங்கி உடைந்ததை அள்ள வேண்டும். அவர்களுக்கு மார்ஷல் என்று பெயர். அவர்கள் அள்ளி முடிக்கும்வரை ஒரு கார் உச்சியில் ஆரஞ்சு விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடும். மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக வர வேண்டும், தாண்டக்கூடாது. அதுதான் சேஃப்டி கார். அது மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர்களின் டயர் ஆறிவிடும், பிடிமானம் போய்விடும். வேகமாகப் போனால் தடத்தில் நிற்கிற ஆட்கள் சாவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்த வேகம் நாச்சிமுத்து அண்ணனின் வலது காலில் இருந்தது.

அந்த வேலைக்கு நன்றி கிடையாது அக்கா. முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் பத்து விநாடி, பதினைந்து விநாடி சேர்த்து வைத்திருப்பான். சேஃப்டி கார் வந்ததும் எல்லாரும் அவன் முதுகில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். சேர்த்ததெல்லாம் போச்சு. அந்தக் கோபம் முழுவதும் முன்னால் போகிற மனிதர் மேல்தான். அவர்மேல் இரண்டு தடவை ஹெல்மெட்டை எறிந்திருக்கிறார்கள். ஒன்று நெற்றியில் பட்டு ஏழு தையல். ஒருத்தன் பந்தயம் முடிந்ததும் நேராக வந்து கன்னத்தில் அறைந்துவிட்டு, அடுத்த மாதம் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தானாம். அண்ணன் கல்யாணத்துக்குப் போனார். "மாப்ளைக்குக் கை கொஞ்சம் வேகமுங்க, பொண்ணு வீட்டுல யாருகிட்டயும் சொல்லல" என்று சிரிப்பார்.

இந்த வருடம்தான் எங்கள் கம்பெனி தன் மின்சாரக் காரை சேஃப்டி காராகக் கொடுத்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்றரை விநாடியில் தொடுகிற கார். அதைக் கொடுத்து, கூடவே என்னையும் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தாராபுரத்தில் தறி ஓட்டுகிறார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு இது. எதை எழுதினாலும் மூன்று தடவை படித்துப் பார்ப்பேன். எழுதியது தப்பாக இருந்தால் என்னோடு சேர்த்து வீட்டையே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அண்ணனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் கையில் பேப்பரோடு நிற்க, அவர் மாணவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

"சத்தமே இல்லீங்களே அம்மிணி. ஓடுதா நிக்குதான்னு எறங்கிப் பாக்கோணுமாட்ட இருக்குது."

"மீட்டரைப் பாருங்கண்ணா."

"மீட்டரப் பாத்தா ரோட்ட யாரு பாக்கறது? நீங்க பாக்கறீங்களா?"

அவருக்காக ஒரு பட்டியல் எழுதினேன். பதினொரு வரி. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டு. பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஏழாவது வரி, ஆட்டோ பிரேக்கை அணைக்கவும். விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது குறுக்கே யாராவது வந்தால் அந்தக் கார் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். நல்ல விஷயம்தான். ஆனால் பந்தயத் தடத்தில் கிரேன் நிற்கும், ஆட்கள் நிற்பார்கள், ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அங்கே கார் தானாகப் பிரேக் போட்டால் பின்னால் வருகிற பதினெட்டு பேரும் அதன்மேல்தான். அதனால் அணைத்துவிட வேண்டும். என் பட்டியலில் அது தெளிவாக இருந்தது. ஏழாவது வரி. அடியில் கோடுகூடப் போட்டிருந்தேன்.

அண்ணன் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார். "அம்மிணி எழுதுனா அதுல தப்பு இருக்காது" என்று ஜெயசீலனிடம் சொல்வாராம். இது ஜெயசீலன் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றரைக்கு அவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பதினொரு வரிக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் என்னிடம் வந்தது. இரண்டேகாலுக்குப் பந்தயம் தொடங்கியது. அது தொடங்கிவிட்டால் சேஃப்டி கார் ஓட்டுகிறவர் காரைவிட்டு இறங்கக்கூடாது. எந்த நிமிஷமும் அழைப்பு வரலாம். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒன்றுக்குப் போகக்கூட இறங்கியதில்லை.

நான் பக்கத்தில் கூடாரத்தில் நின்றேன். இரண்டு இருபத்தொன்பதுக்கு அம்மா போன் செய்தார். நேரம் எப்படித் தெரியும் என்றால் போனில் இருக்கிறது.

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சியாடி?"

காலையில் பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் மறந்துவிட்டேன். அம்மா கோயிலில் வைத்துக் கொடுத்த இரண்டு பழமும் என் பையிலேயே கிடந்தன.

"இன்னும் வண்டி ஓடலதானே? போ, இப்பவே வெச்சுட்டு வா. மொதல் காரியம் உனக்கு."

நான் போய் முன் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தேன். அண்ணன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அதென்ன அம்மிணி, ஓட்டறவன் இருக்கறப்ப நீங்க வெக்கிறீங்க? வண்டி ஓட்டறவந்தான் வெக்கோணும்."

"இறங்க வேண்டாங்கண்ணா, நானே..."

"உங்கம்மா கோயில்ல வெச்சுக் குடுத்ததா?"

"ஆமாங்கண்ணா."

"அப்பப் பழத்தக் குடுங்க."

பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். பழங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். ஒன்று உருண்டது, அதை எடுத்துத் திரும்ப வைத்தார். மறுபடி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். "அம்மாகிட்டச் சொல்லிருங்க, ஆச்சுன்னு." அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எலுமிச்சம்பழத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை, அம்மா மனது கோணக்கூடாது என்றுதான் போனேன். எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு ஐந்தாவது வளைவில் இரண்டு கார்கள் சக்கரத்தோடு சக்கரம் சிக்கி, ஒன்று அப்படியே வானத்தில் ஏறித் தலைகீழாக விழுந்தது. உள்ளே இருந்தவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கையை ஆட்டினான். சேஃப்டி காரை அழைத்தார்கள். அண்ணன் கிளம்பினார். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கித் தரையில் பிதுங்கின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

இனிமேல் ஜெயசீலன் சொன்னது.

வரிசையில் முதலில் வந்தவன் நிரஞ்சன். ஸ்பின்னிங் மில் குடும்பம். அவன் அண்ணன் சுதாகரன்தான் அந்த டீமை நடத்துகிறார். அன்றைக்கு நிரஞ்சன் ஜெயித்தால் இந்த வருடத்துக் கோப்பையே அவனுக்கு. ஒன்பது விநாடி முன்னால் இருந்தான். எல்லாம் போயிற்று. சேஃப்டி காரின் வாலில் மூக்கை வைத்துக்கொண்டு இடம் வலம் என்று ஆட்டிக்கொண்டே வந்தானாம். கையை உயர்த்தி, போ போ என்று காட்டினானாம்.

"கெட்ட வார்த்த பேசறானாட்ட இருக்குதுங்கண்ணா" என்றாராம் ஜெயசீலன்.

"ஹெல்மெட்டுக்குள்ள பேசறது அவனுக்குத்தான் கேக்கும். உடு."

ஜெயசீலனின் வேலை பின்னால் பார்ப்பது. கண்ணாடியில் எத்தனை கார் வரிசையில் வந்துவிட்டது என்று எண்ணி ரேடியோவில் சொல்ல வேண்டும். அதனால் அவர் அண்ணனின் காலைப் பார்க்கவில்லை. இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்று. ஐந்தாவது வளைவில் கவிழ்ந்த காரைத் தூக்க கிரேன் வந்திருந்தது. அதன் கை கொஞ்சம் தடத்துக்குள் நீண்டிருந்தது. அண்ணன் அதை இரண்டு சுற்றாகப் பார்த்தவர்தான். அந்த இரண்டு சுற்றிலும் அது இவ்வளவு நீளவில்லை. ஒரு முழம் விட்டு ஒதுங்கிப் போகிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பினார். நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகம். கார் நின்றது.

குறையவில்லை அக்கா, நின்றது. ஜெயசீலனின் பெல்ட் தோளில் அறுத்துக்கொண்டு இறங்கியது, தாடை நெஞ்சில் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டார், வாய் நிறைய ரத்தம். "என்னங்கண்ணா!" என்று கத்தினாராம். அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "நானில்ல."

அப்புறம் பின்னாலிருந்து அடி. நிரஞ்சனின் கார் தாழ்வானது. சேஃப்டி காரின் வாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி புகுந்தது. அவன் முன் சக்கரம் பிய்ந்து காரின் கூரைமேல் ஏறிப் பறந்து ஒரு மார்ஷலின் தலைக்கு ஒரு சாண் மேலே போனது. சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கம்பி மடங்கி அவன் தொடைக்குள் இறங்கியது. அவன் பின்னால் வந்தவன் அவன் மேல், அதற்குப் பின்னால் வந்தவன் அவன் மேல். நான்கு கார்கள். கார்களின் கண்ணாடி நார் உடம்பு உடைந்து வெள்ளைத் தூளாகப் பறந்தது. இந்தச் சத்தம் எனக்குக் கூடாரம்வரை கேட்டது. இரும்புக் கடையில் லாரியிலிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

இதைக் கேளுங்கள். மார்ஷல்கள் ஓடிவந்தார்கள், பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்கள். "கரன்ட் வண்டி, தொடாதீங்க, ஷாக்கடிக்கும்!" அதன் அடியில்தான் நிரஞ்சன் சிக்கியிருக்கிறான், கத்துகிறான். யாரும் கிட்டே போகவில்லை. தொட்டால் ஒன்றும் ஆகாது, மோதியவுடன் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். அவர்களுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள், அது என் வேலையில் எழுதப்படவில்லை.

அண்ணன் இறங்கி ஓடினார். வெறுங்கையால் அந்தக் கம்பியைப் பிடித்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. நிரஞ்சன் அவர் கையைக் கடித்தான், வலியில். அண்ணன் கையை எடுக்கவில்லை. "கடி சாமி, கடி, உட்ராத" என்றாராம். கம்பியை வளைத்து அவனை இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் சட்டை முழுவதும் அவன் ரத்தம். இவ்வளவும் ஜெயசீலன் சொன்னது. வீடியோவிலும் இருக்கிறது.

இனிமேல் நான் பார்த்தது.

ஆம்புலன்ஸ் நிரஞ்சனை ஏற்றிக்கொண்டு போயிற்று. பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். அண்ணனை ஒரு ஜீப்பில் கூட்டிவந்து எங்கள் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். சுதாகரன் வந்தார். பின்னால் அவர் டீமின் மெக்கானிக்குகள் ஐந்து பேர். ஒருவன் கையில் வீல் ஸ்பேனர். காலையில் சுதாகரன் எனக்குக் கை கொடுத்து, நல்ல கார் என்று சொன்னவர். மரியாதையான மனிதர். அவர் கையிலும் தம்பியின் ரத்தம் இருந்தது.

"எந்திரிடா."

அண்ணன் எழுந்தார். "தம்பிக்கு எப்படீங்க இருக்..."

முதல் அடி வாயில். ஸ்பேனரால். இரண்டு பல் என் காலடியில் விழுந்தன. நான் துணியைப் பிடித்தபடி நின்றேன். அடுத்தது கழுத்தெலும்பில். அது முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை உதைத்தார்கள், வயிற்றில், முதுகில். பந்தய ஷூவின் அடி மெல்லியது, ஆனால் மெக்கானிக் ஷூவின் முனையில் இரும்பு இருக்கும். ஜெயசீலன் குறுக்கே விழுந்தார், அவரைக் காலரைப் பிடித்து ஓரமாக வீசினார்கள். போலீஸ் எல்லாம் ஐந்தாவது வளைவில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நான் பிரேக் அமுக்கலீங்க" என்றார் அண்ணன். ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னார். "வண்டியா நின்னுச்சுங்க. பெடல் தானா எறங்குச்சுங்க."

"பேய் புடிச்சுதா வண்டிக்கு?" என்று ஒருத்தன் சிரித்தான். "பயந்துட்டாருங்க கெழவரு. கிரேனப் பாத்துப் பயந்து அமுக்கிட்டாரு."

சுதாகரன் கையை உயர்த்தினார். அடி நின்றது. இதைச் சொல்லியாக வேண்டும், அவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"நீதானம்மா கம்பெனி ஆளு? அந்த வண்டி தானா நிக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் தரையிலிருந்து பார்த்தார். ஒரு கண் மூடிவிட்டது, ஒரு கண்ணால் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் என் பையில் இருந்தது. எனக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. தெரிந்ததை மறைக்க மாட்டேன், தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

"ஆட்டோ பிரேக் ஆஃப்ல இருந்துதுங்க சார்" என்றேன். "ஏழாவது வரிக்கு டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அது ஆஃப்ல இருந்தா, கால் வெக்காம நிக்காதுங்க."

மூன்று வாக்கியம். யோசித்துப் பாருங்கள், மூன்றில் ஒன்றும் பொய் இல்லை. முதல் வாக்கியத்தில் "ஒன்றரை மணிக்கு" என்று சேர்த்திருக்கலாம். அவ்வளவுதான்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பயிற்சியில் ஏதாவது புதிதாகச் சொன்னால் புருவத்தைச் சுருக்கிக் கேட்பாரே, அந்தப் பார்வை.

சுதாகரன் குனிந்து கேட்டார். "எந்தக் காலு?"

அவரும் கேட்டால் பதில் சொல்கிற மனிதர்தான். "பிரேக்குக்கு வலதுதானுங்க" என்றார்.

ஷூவைக் கழற்றினார்கள். காலை ஒரு டயர்மேல் வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சுத்தியல் கூடாரத்தில் இருந்ததுதான், ஆணி அடிக்க நாங்கள் வைத்திருந்தது. நான்கு அடி. எண்ணினேன். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, தானாக எண்ணிவிட்டேன். முதல் அடிக்கு அவர் கத்தினார். இரண்டாவதற்கு ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவதற்கு அவரிடம் சத்தமே இல்லை. நான்காவதைச் சுதாகரனே அடித்தார். அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

இப்போது அண்ணனின் அந்தக் காலில் இரண்டு விரல் இல்லை. பாதத்துக்குள் ஏழு இடத்தில் முறிவு, கம்பி வைத்திருக்கிறார்கள். ஊன்றி நடக்கலாம், பெடலை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நிரஞ்சன் தேறிவிட்டான், வாக்கர் வைத்து நடக்கிறான்.

கேஸா? இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, "வண்டி ஏறிருச்சுங்க" என்றார் அண்ணன். நான் அப்போது கட்டில் பக்கத்தில் சாத்துக்குடிப் பையோடு நின்றிருந்தேன். போலீஸ்காரர் போனதும் ஏன் என்று கேட்டேன்.

"அவந்தம்பி காலு என்னாலதானே போச்சு அம்மிணி. பொறவு நான் என்னத்தக் கேசு குடுக்கறது?"

"நீங்கதான் அமுக்கலைன்னு சொன்னீங்களே அண்ணா."

"சொன்னேன். நீங்க எழுதுனத வெச்சுப் பாத்தா நாந்தான் அமுக்கிருக்கோணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. பெடல் என்ற காலுக்குக் கீழ தானா எறங்குன மாதிரி இருந்துச்சு. காலு எறங்குன மாதிரி இல்ல. வயசாச்சுன்னா காலு நம்ம பேச்சக் கேக்காதோ என்னமோ."

அழவில்லை அவர். நான்தான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நாளைக்குக் காலை பதினொரு மணிக்குப் பந்தயச் சங்கத்தில் விசாரணை. அவர் கடிதம் எழுதிவிட்டார். கழுத்தெலும்புக்குக் கட்டுப் போட்டிருப்பதால் ஜெயசீலன் எழுத, இவர் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நான் பயந்து பிரேக்கை அழுத்திவிட்டேன், தப்பு என்னுடையது" என்று. அதை ஏற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் தடை. ஓட்ட முடியாதவருக்குத் தடை என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் பெயரைத் தடத்தின் வாசலில் பலகையில் ஒட்டுவார்கள் அக்கா. பத்தொன்பது வருடம் அந்த வாசலில் எல்லாரும் எழுந்து நின்ற பெயர். பயந்து பிரேக் போட்டவன் என்று.

அந்தக் காரின் பதிவை எங்கள் கம்பெனியில் இறக்கினார்கள். விமானத்தில் கறுப்புப் பெட்டி மாதிரி. ஒவ்வொரு விநாடியும் அதில் இருக்கும். என் கைக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரிபார்க்க வேண்டாமா? அவசரப்பட்டுச் சொன்னதால்தானே இவ்வளவும். முதல் தடவை என் கணினியில் பார்த்தேன். இரண்டாவது தடவை நண்பரின் கணினியில். அப்புறம் காரின் கையேட்டை எடுத்துப் படித்தேன். நூற்று எழுபத்து நான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்து சீட்டைவிட்டு இறங்கினால் பயணம் முடிந்துவிட்டதாகக் கார் எடுத்துக்கொள்ளும். மறுபடி ஏறினால் எல்லாம் பழையபடி, அணைத்ததெல்லாம் தானாக ஆன் ஆகிவிடும். அந்தப் பக்கத்தை நான் முன்பே படித்திருக்கிறேன், ஓரத்தில் பென்சில் கோடு என்னுடையதுதான். பயிற்சியில் அவர் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பட்டியலை முதலிலிருந்து ஆரம்பிப்பார், அதனால் இந்தச் சிக்கல் வரவே இல்லை. பந்தயத்துக்கு நடுவில் இறங்குவார் என்று யார் நினைப்பார்கள்? பத்தொன்பது வருடம் இறங்காதவர்.

மேனேஜர் என்ன சொன்னார் என்றால், கேட்டால் கொடு, கேட்காவிட்டால் கொடுக்காதே. சங்கத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டவரிடம் சாட்சி எதற்கு? பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்துவிட்டேன், அடுத்த பந்தயத்துக்கு. சீட்டில் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஏழாவது வரியை மறுபடி செய்யவும். அதைச் சேர்த்த அன்றைக்கு இரவு கொஞ்சம் தூங்கினேன்.

இன்று காலையில் ஜெயசீலன் போன் செய்தார். "நாளைக்கு அண்ணன ஆட்டோல கூட்டிட்டுப் போறேன், நீங்க வருவீங்களான்னு கேட்டாரு. நீங்க இருந்தா அவருக்குத் தெம்பா இருக்குமாம்" என்றார். உடனே உக்கடம் வந்து இந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்தப் பதிவின் தாள், இரண்டு நகல். ஒன்று அவருக்கு, ஒன்று சங்கத்துக்கு. வேலை போகும். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் சொல்லவே மாட்டேன்.

அதோ, கோமங்கலம் போர்டு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், இறங்கிக்கொள்கிறேன். இல்லை, ஒரு நிமிஷம், வண்டி நிற்கட்டும். இதை ஒருமுறை படித்துக் காட்டிவிடுகிறேன், அவர் முன்னால் படிக்கும்போது குரல் உடையாமல் இருக்கும். மூன்று தடவை இல்லை, நேற்றோடு ஐந்து தடவை சரிபார்த்தது இது.

இரண்டு முப்பத்தொன்று பத்து விநாடி: ஓட்டுநர் கதவு திறந்தது. இரண்டு முப்பத்தொன்று ஐம்பத்திரண்டு விநாடி: மூடியது. ஆட்டோ பிரேக் இயங்கத் தொடங்கியது. இரண்டு நாற்பத்தேழு முப்பத்துமூன்று விநாடி: முழு பிரேக். பெடலில் ஓட்டுநரின் கால் அழுத்தம்: பூஜ்யம்.